கணினிக்குள் ஓர் ஏரி

விஞ்ஞானம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வருகிறது. ஒரு செயலைச் செய்து பார்த்துப் பட்டறிந்த காலம் போய், செய்வதற்கு முன்பே அதன் விளைவைக் கணித்துக் காணும் காலம் வந்துவிட்டது. விமானம் ஓட்டப் பயில்பவர் முதலில் வானத்தில் பறப்பதில்லை. தரையிலேயே நிற்கும் ஒரு பொய் விமானத்தில் அமர்ந்து பறந்து பழகுகிறார். அணை கட்ட விரும்பும் பொறியாளர், கல் ஒன்றைக் கூட நடுவதற்கு முன்னால், கணினிக்குள் அணையைக் கட்டி அதில் வெள்ளத்தை ஓட விட்டுப் பார்க்கிறார். இவ்வாறு உண்மைப் பொருளைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மாதிரியைக் கணினியில் இயக்கிப் பார்ப்பதைச் சிமுலேஷன் என்பார்கள். தமிழில் போலச்செய்தல் எனலாம்.

ஆனால் தோழியரே, கணினி சொல்வதெல்லாம் உண்மையாகிவிடுமா? மாதிரி சரியாக இருந்தும் அதை இயக்குவதற்கு முன் கொடுக்க வேண்டிய சில அமைப்புகள் தவறாக இருந்தால், கணினி சற்றும் தயங்காமல், அழகான வரைபடத்துடன், பொய்யான விடையைத் தரும். அந்த அமைப்புகள் யாவை, அவற்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை நமக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளைக் கொண்டே காண்போம். அந்தப் பொருள் ஏரி.

ஏரியும் கணக்கும்

நம் உத்திரமேரூருக்கு ஏரிக் கணக்கு புதிதன்று. இவ்வூர்ப் பெரிய ஏரியைப் பழைய கல்வெட்டுகள் வயிரமேக தடாகம் என்று குறிப்பிடுகின்றன. பல்லவர் காலத்தில் உண்டான இந்த ஏரியில் தூர் வாருவதற்கென்றே பொன்னை அறக்கொடையாக அளித்த செய்தியும் கல்வெட்டில் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடும்புக்கு ஒருவராக 30 குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் 30 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் 12 பேரைச் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேரைத் தோட்ட வாரியத்துக்கும், 6 பேரை ஏரி வாரியத்துக்கும் வைத்ததை 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் குடவோலைக்குப் பெயர் தரக்கூடாது என்ற விதியும் அதில் இருக்கிறது.

ஏரி வாரியத்தார் பார்த்த கணக்கு என்னவாக இருந்திருக்கும்? வரத்துக் கால்வாயில் எவ்வளவு நீர் வருகிறது, மதகு வழியே எவ்வளவு போகிறது, கலங்கல் எப்போது வழியும், கரை தாங்குமா என்பவைதாமே! இன்று பொறியாளர் கணினியில் பார்ப்பதும் இதே கணக்குத்தான்.

ஏரியை எண்ணாக மாற்றுதல்

ஏரியில் இப்போது உள்ள நீரை இருப்பு என்போம். மழையும் வரத்துக் கால்வாயும் கொண்டுவருவது வரவு. மதகில் பாய்வது, கலங்கலில் வழிவது, வெயிலில் ஆவியாவது, நிலத்தில் ஊறுவது ஆகியவை செலவு. இருப்பு மாறும் வேகம் வரவிலிருந்து செலவைக் கழித்தால் கிடைக்கும். நம் அம்மா மாதச் சம்பளத்தையும் வீட்டுச் செலவையும் எழுதி வைக்கும் நோட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. ஏரியில் செலவு இருப்பைப் பொறுத்தது. நீர் மட்டம் உயர்ந்திருந்தால் மதகில் நீர் சீறிப் பாயும். மட்டம் தாழ்ந்தால் மெதுவாக வரும். ஆகவே செலவு ஒவ்வொரு நொடியும் மாறிக்கொண்டே இருக்கிறது. இப்படி மாறும் வேகத்தைச் சொல்லும் சமன்பாட்டைத்தான் பன்னிரண்டாம் வகுப்பில் வகைக்கெழுச் சமன்பாடு என்று படிக்கிறோம். எளிய சமன்பாட்டுக்கு நேரடியாக விடை காணலாம். மழை, மதகு, கலங்கல் எல்லாம் சேர்ந்த உண்மை ஏரிக்கு அவ்வாறு காண இயலாது. காலத்தைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டாகக் கணக்கிட்டுச் செல்ல வேண்டும். அந்தத் துண்டின் அளவைக் காலப்படி என்று அழைப்போம். கணினியில் நாம் தரும் அமைப்புகளில் முதன்மையானது இதுவே.

காலப்படி என்னும் அடி

கண்ணை மூடிக்கொண்டு வரப்பின் மேல் நடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கணம் கண்ணைத் திறந்து திசையைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டு ஓர் அடி வைக்க வேண்டும். மறுபடி கண்ணைத் திறந்து பார்த்து, அடுத்த அடி. அடி சிறியதாக இருந்தால் வரப்பு வளையும் இடத்தில் நாமும் வளைந்து செல்வோம். அடி பெரிதாக இருந்தால் சேற்றில் விழுவோம். 1768இல் ஆய்லர் என்ற கணித மேதை வெளியிட்ட முறை இதுதான்.

எண்ணைக் கொண்டே பார்ப்போம். ஒரு சிறு தாங்கலில் 100 பங்கு நீர் இருக்கிறது. எந்தக் கணத்திலும் உள்ள நீரில் பாதி, ஒரு நாளுக்கு என்ற வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மை மதகில் வேகம் ஆழத்தின் இருபடி மூலத்தைப் பொறுத்தது என்றாலும், கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு இவ்வாறு கொள்வோம். ஒரு நாள் கழித்து எவ்வளவு மீதி இருக்கும்?

சரியான விடை 60.65 பங்கு. காலப்படி ஒரு நாள் என்று கொடுத்தால் கணினி 50 என்று சொல்லும். ஏனெனில் காலையில் பார்த்த வேகத்திலேயே நாள் முழுவதும் நீர் போனதாக அது எடுத்துக்கொள்கிறது. காலப்படி 4 மணி என்றால் விடை 59.33. காலப்படி ஒரு மணி என்றால் 60.33. அடி சிறுக்கச் சிறுக்க உண்மையை நெருங்குகிறோம்.

இனி வேடிக்கையைப் பாருங்கள். காலப்படியை 3 நாள் என்று கொடுத்தால், 100இலிருந்து 150 போக, தாங்கலில் இருப்பது கழித்தல் 50 பங்கு! தாங்கல் இல்லாத நீரைக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டது. காலப்படி 5 நாள் என்றால் இன்னும் மோசம். முதல் அடியில் கழித்தல் 150. இரண்டாம் அடியில் கூட்டல் 225. ஒரு சொட்டு மழையும் பெய்யாமல், வடிந்துகொண்டிருக்கும் தாங்கலில் நீர் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது! அடுத்தடுத்த அடிகளில் எண்கள் பெருகிப் பெருகி வானை முட்டும். மாதிரியில் குற்றமில்லை, சமன்பாட்டில் குற்றமில்லை. அமைப்பில் கொடுத்த ஒரே ஓர் எண் செய்த கோலம் இது.

இத்தகைய விடை வந்தால் நாம் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வோம். பார்ப்பதற்கு நியாயமாகத் தோன்றும் தவறான விடைதான் ஆபத்தானது.

ஒரு நாள் மழையும் ஆறு மணி மழையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை நம் மாவட்டத்தில் எப்படிப் பெய்யும் என்பதை நாம் அறிவோம். நாள் முழுவதும் சீராகத் தூறுவதில்லை. சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும்.

ஓர் ஏரியில் இன்னும் 2 கோடி கன அடி நீருக்கு இடம் இருக்கிறது. கலங்கலும் மதகும் சேர்ந்து வினாடிக்கு 1,000 கன அடி வரை வெளியேற்றும். ஒரு புயல் நாளில் முதல் 6 மணி நேரம் வினாடிக்கு 4,000 கன அடியும், மீதி 18 மணி நேரம் வினாடிக்கு 200 கன அடியும் வருவதாகக் கொள்வோம்.

நாள் சராசரியைக் கொண்டு கணக்கிட்டால் வரத்து வினாடிக்கு 1,150 கன அடி. வெளியேறுவது 1,000 போக மிச்சம் 150. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. ஆகவே ஏரியில் சேர்வது 1,29,60,000 கன அடி. இடமோ 2 கோடி. "ஏரிக்கு ஆபத்தில்லை" என்று கணினி கூறும்.

அதே கணக்கை மணி மணியாகச் செய்யுங்கள். முதல் 6 மணி நேரத்தில் மிச்சம் வினாடிக்கு 3,000 கன அடி. 6 மணிக்கு 21,600 வினாடி. சேர்வது 6,48,00,000 கன அடி. இருக்கும் இடத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! இரண்டு மணி நேரம் ஆவதற்குள்ளாகவே ஏரி நிரம்பிவிடும். அதன் பிறகு நீர் கரையின் மேல் ஏறும். மண் கரையின் மேல் நீர் ஏறினால் என்ன ஆகும் என்பதை ஏரிக்கரை ஊரில் வாழும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மழையும் ஒன்று, ஏரியும் ஒன்று, மாதிரியும் ஒன்று. நாள் என்று கொடுத்ததற்கும் மணி என்று கொடுத்ததற்கும் இடையே கீழே உள்ள ஊரின் உயிர் இருக்கிறது.

இது வெறும் கற்பனையன்று. 2015 டிசம்பர் 1ஆம் தேதியும் அதற்கடுத்த நாள் காலையிலுமாக, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாம்பரம் அப்போது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. நம் மாவட்டத்துச் செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 364.5 கோடி கன அடி. அன்று அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அந்த வேகத்தில் ஒரு முழு நாள் ஓடினால் 250 கோடி கன அடிக்கு மேல் ஆகும். நிரம்பிய ஏரியில் மூன்றில் இரண்டு பங்கு! அடையாற்றின் கரையில் இருந்த வீடுகள் எவ்வளவு விரைவில் மூழ்கின என்பதை இந்த எண்ணே கூறும். அந்தப் பெருவெள்ளத்துக்குப் பின் சென்னைக்கென்று வெள்ள முன்னறிவிப்புக் கணினி முறை ஒன்று உருவாக்கப்பட்டு 2019இல் வெளியிடப்பட்டது. மழை, ஆறு, கடல் அலை, நகரின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, எந்தத் தெருவில் நீர் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்வதே அதன் நோக்கம்.

எந்த வழியில் நடப்பது?

காலப்படியைச் சிறிதாக்கினால் போதுமே, வேறென்ன வேண்டும் என்று கேட்கலாம். அடி சிறுத்தால் அடிகளின் எண்ணிக்கை பெருகும்; நேரம் வீணாகும். ஒவ்வோர் அடியிலும் எண்களைச் சுருக்கி எழுதும் சிறு பிழைகளும் சேர்ந்துகொள்ளும். ஆகவே அறிஞர்கள் நடையையே திருத்தினார்கள்.

ஜெர்மானியர்களான ரூங்கே 1895இலும் குட்டா 1901இலும் வெளியிட்ட முறையில், அடி வைக்கும் முன் வழியில் நான்கு தடவை எட்டிப் பார்த்து, நான்கையும் தக்க விகிதத்தில் சராசரி செய்து, பிறகு அடி வைக்கிறோம். நம் தாங்கல் கணக்கில் இம்முறையைக் கையாண்டால், காலப்படி ஒரு முழு நாளாக இருந்தும் விடை 60.68 வருகிறது. உண்மை விடை 60.65. ஆய்லர் முறையில் இதே அடிக்கு 50 வந்ததை மறவாதீர்கள்.

அடுத்த முன்னேற்றம், அடியின் நீளத்தைக் கணினியே தீர்மானிப்பது. ஊர்ப் பேருந்து ஓட்டுநர் நேர்ச்சாலையில் விரைவாகவும், வளைவிலும் வேகத்தடையிலும் மெதுவாகவும் செல்வது போல, நீர் மட்டம் மெல்ல மாறும்போது கணினி நீண்ட அடியும், வெள்ளம் பாயும்போது குறுகிய அடியும் வைக்கும். இதனை மாறுபடி முறை என்று சொல்லலாம். ஒரே நீளத்தில் அடி வைப்பது நிலைப்படி முறை.

மூன்றாவது ஒரு சங்கடம் உண்டு. ஏரியில் சில மாற்றங்கள் நிமிடக் கணக்கில் நடக்கும். மதகைத் திறந்ததும் பாயும் நீர் அத்தகையது. சில மாற்றங்கள் மாதக் கணக்கில் நடக்கும். கோடையில் ஆவியாவது அத்தகையது. நத்தையையும் குதிரையையும் ஒரே வண்டியில் பூட்டியது போன்ற இத்தகைய கணக்கில் சாதாரண முறைகள் குதிரைக்கு அஞ்சி மிகச் சிறிய அடியாகவே வைத்துக்கொண்டிருக்கும், வேலை முடியாது. இதைத் தீர்க்கும் முறைகளில் புகழ்பெற்றது டாசில் என்பது. அதை 1980களின் தொடக்கத்தில் எழுதியவர் ஒரு பெண்மணி, லிண்டா பெட்சோல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர். எண்ணியல் மென்பொருளுக்கான வில்கின்சன் பரிசு 1991இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவரே. 1946இல் உலகுக்கு அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்களும் ஆறு பெண்களே. பீரங்கிக் குண்டு பறக்கும் பாதையைச் சிறு சிறு காலத் துண்டுகளாகக் கணக்கிடுவது அவர்கள் பணி. ஆகவே இத்துறை பெண்களுக்கு அந்நியமானது என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம்.

அமைப்புப் பெட்டியைத் திறப்போம்

இனிக் கணினியின் முன் அமர்வோம். மாதிரி அமைத்து இயக்கும் மென்பொருள்கள் பல உள்ளன. சிமுலிங்க் என்பது விலை கொடுத்து வாங்க வேண்டியது. ஓப்பன் மாடலிகா, சைலாப் ஆகியவை இலவசமாகக் கிடைப்பவை. பம்பாய் ஐ.ஐ.டி.யில் நடைபெறும் பாஸி என்ற திட்டம் இவ்விரண்டையும் மாணவரிடையே பரப்பி வருகிறது. அங்கிருந்தே தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் மென்பொருள் பாடங்கள் பல தமிழிலேயே கேட்கக் கிடைக்கின்றன. சுவீடன் நாட்டு லின்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஓப்பன் மாடலிகாவையே எடுத்துக்கொள்வோம். மாதிரியை வரைந்த பின் அதன் அமைப்புப் பெட்டியைத் திறந்தால் ஐந்து கேள்விகள் நம்மை எதிர்நோக்கும்.

1. தொடக்க நேரம். வழக்கமாக 0 என்று இருக்கும். அக்டோபர் 1ஆம் தேதி காலையை 0 என்று நாமே வைத்துக்கொள்ளலாம்.

2. முடியும் நேரம். நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் இது 1 என்று இருக்கும். ஒரு நாள் அன்று, ஒரு வினாடி! சிமுலிங்க்கில் 10 வினாடி. ஏரி மாதிரியை அமைத்துவிட்டு இதை மாற்றாமல் இயக்கினால், வரைபடத்தில் ஒரு நேர்க்கோடு மட்டும் வரும். மாதிரி கெட்டுவிட்டது என்று பலர் அப்போது சோர்ந்துவிடுவர். ஒரு வினாடியில் ஏரி எவ்வளவு மாறிவிடும்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாட்கள். அதாவது 79,48,800 வினாடி. இதுவே நாம் கொடுக்க வேண்டிய எண்.

3. இடைவெளிகளின் எண்ணிக்கை. விடையை எத்தனை இடங்களில் எழுதி வைப்பது என்பதே இது. மாற்றாவிட்டால் 500 என்று இருக்கும். 92 நாட்களை 500 ஆகப் பிரித்தால் ஏறத்தாழ 4 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை விடை பதிவாகும். இடையில் ஏரி உச்சத்தைத் தொட்டு இறங்கினால் அது படத்தில் தெரியாமலே போகலாம். 2,208 என்று கொடுத்தால் மணிக்கு ஒரு முறை பதிவாகும். இங்கே ஒன்றை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். மாறுபடி முறையில், பதிவு செய்யும் இடைவெளி வேறு. கணினி உள்ளுக்குள் வைக்கும் அடி வேறு. ஆசிரியை தேர்வுத் தாளைத் திருத்துவது வேறு, மதிப்பெண் பட்டியல் எழுதுவது வேறு என்பது போல. பட்டியலை அடிக்கடி எழுதினால் திருத்தம் நுட்பமாகிவிடாது.

4. தீர்வு முறை. பட்டியலில் ஆய்லர், ரூங்கே-குட்டா, டாசில் முதலிய பெயர்கள் இருக்கும். வழக்கமாக இருப்பது டாசில். காரணமின்றி அதை மாற்ற வேண்டியதில்லை. வெயில் நாட்களில் இம்முறை நீண்ட அடிகள் வைத்து ஓடும் என்றோம். அப்போது ஒரு மணி நேரக் கனமழை வந்தால் அதைத் தாண்டியே போய்விடக் கூடும். அதனால் அடியின் பெரும அளவை ஒரு மணிக்கு, அதாவது 3,600 வினாடிக்கு மிகாமல் கட்டுப்படுத்தி வைப்பது நல்லது.

5. பிழை வரம்பு. ஒவ்வோர் அடியிலும் எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை இது கூறுகிறது. வழக்கமாகப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதைத் தளர்த்தினால் வேகம் கூடும், நம்பிக்கை குறையும். அளவுக்கு மீறி இறுக்கினால் கணினி திணறும். மழைமானியே சரியாக அளக்காதபோது, விடையில் பத்தாவது தசம இடத்துக்குப் பாடுபடுவதில் பயனில்லை.

இவற்றோடு நிகழ்வு என்ற ஒன்றையும் அறிய வேண்டும். நீர் கலங்கல் மட்டத்துக்கு வரும் வரை கலங்கலில் ஒரு சொட்டும் போகாது. மட்டத்தைத் தொட்ட அந்தக் கணத்திலேயே ஏரி கோடி போகத் தொடங்கும். கணக்கின் விதியே அங்கு மாறுகிறது. நல்ல மென்பொருள் அந்தக் கணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே நின்று, புதிய விதியுடன் மறுபடி நடக்கும். ஆகவே மாதிரியில் "மட்டம் இதைத் தாண்டினால்" என்ற நிபந்தனையைத் தெளிவாக எழுத வேண்டும்.

தொடக்கம் தவறினால்

அமைப்புகள் அனைத்தும் சரியாக இருந்தும் விடை தவறுவதுண்டு. தொடக்க நிலை தவறாக இருப்பதே அதற்குக் காரணம். அக்டோபர் 1ஆம் தேதி ஏரியில் எவ்வளவு நீர் இருந்தது என்பதைக் கணினி அறியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், முதல் உலகப் போரின்போது பிரான்சில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டிக்கொண்டே, வானிலையை எண்களால் கணிக்க முயன்றார். 1910 மே 20ஆம் நாளுக்குரிய ஆறு மணி நேர மாற்றத்தைக் கையாலேயே கணக்கிட்டார். காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறத்தாழ மாறவே இல்லை! அவரது முறையின் அடிப்படை தவறன்று. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்றின் அளவீடுகள் ஒன்றோடொன்று இசைந்து வரவில்லை என்று பின்னால் வந்த அறிஞர்கள் காட்டினர். அவர் அந்த விடையை மறைக்கவில்லை. 1922இல் அச்சிட்ட தம் நூலில் அப்படியே வெளியிட்டார். இன்றைய வானிலைக் கணிப்பு அந்த நூலின் மேல்தான் எழுந்து நிற்கிறது.

ஏரிக்கும் இது பொருந்தும். பழைய ஏட்டில் உள்ள கொள்ளளவை அப்படியே கணினியில் கொடுத்துவிட்டு, இடையில் படிந்த வண்டலைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கணினியில் உள்ள ஏரி பெரியதாகவும் ஊரில் உள்ள ஏரி சிறியதாகவும் இருக்கும். கணினி நிரம்பவில்லை என்று சொல்லும்போதே ஊர் ஏரி கோடி போய்க்கொண்டிருக்கும். தூர் வாருவதற்குப் பொன் வைத்த நம் முன்னோர் இந்த உண்மையை உணர்ந்தவர்கள். மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டியிடம் போய், எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் குறைந்திருக்கிறது என்று கேட்டு எழுதிய ஒரு பக்கம், பல நாள் செய்த கணினி வேலையைக் காட்டிலும் மதிப்புடையதாகலாம்.

விடையை எப்படி நம்புவது?

நம்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் நான்கு.

முதலாவது, நிலைப்படி முறையாயின் காலப்படியைப் பாதியாக்கி மறுபடி இயக்குங்கள்; மாறுபடி முறையாயின் பிழை வரம்பைப் பத்தில் ஒன்றாக இறுக்குங்கள். விடை மாறாவிட்டால் நல்லது. மாறினால் முதல் விடை நம்பத்தக்கதன்று.

இரண்டாவது, வரவு செலவைக் கூட்டிப் பாருங்கள். மூன்று மாதத்தில் வந்த நீரிலிருந்து போன நீரைக் கழித்தால், இருப்பில் ஏற்பட்ட மாற்றம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ நீர் மாயமாகிறது.

மூன்றாவது, அலகுகளைச் சரிபாருங்கள். மழை மில்லிமீட்டரில், வரத்து வினாடிக்குக் கன அடியில், ஆவியாதல் நாளுக்கு என்று இருந்தால், எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நாளையும் வினாடியையும் குழப்பினால் பிழை 86,400 மடங்கு.

நான்காவது, கடந்து போன ஓர் ஆண்டின் மழையைக் கொடுத்து இயக்குங்கள். ஏரியின் அளவுகோலில் அவ்வாண்டு பதிவான மட்டத்தோடு கணினியின் மட்டத்தை ஒப்பிடுங்கள். நடந்ததைச் சரியாகச் சொல்லத் தெரியாத மாதிரி, நடக்கப்போவதைச் சொல்லும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

இந்த நான்கையும் செய்து முடித்தவர், எந்த அமைப்புகளைக் கொடுத்தோம் என்பதையும் விடையோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும். காலப்படி, தீர்வு முறை, பிழை வரம்பு, தொடக்க இருப்பு ஆகியவை எழுதப்படாத விடை, செய்முறை காட்டாத கணக்கைப் போன்றது. அடுத்தவர் அதைச் சரிபார்க்க வழியில்லை.

முடிவாக

அன்புத் தோழியரே, கணினி வேகமாகக் கணக்கிடும்; ஆனால் எதைக் கணக்கிட வேண்டும், எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட வேண்டும் என்பதை நாம்தான் கூற வேண்டும். அந்தக் கூற்று வெறும் ஐந்தாறு எண்கள்தாம். பலரும் அவற்றைப் பாராமலே பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் கரை ஓரத்து வீடுகளும், ஆயக்கட்டு நெற்பயிரும், தொழுவத்து மாடுகளும் இருக்கின்றன.

பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன் ஏரி வாரியத்துக்கு எழுதிய குடவோலையில் பெண்களின் பெயர் எழுதப்படவில்லை. இன்று அவ்வாறில்லை. ஏரியின் நீளத்தையும் ஆழத்தையும் அளக்கவும், மழைமானியைப் பார்த்து நாள்தோறும் எழுதவும், கணினியில் அந்த ஏரியை இயக்கிப் பார்க்கவும் நம்மை எவரும் தடுப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதமும் பள்ளிக் கணினியும் தொடக்கத்துக்குப் போதும். அடுத்த கார்த்திகையில் ஏரி நிரம்பும்போது, எத்தனை மணிக்குக் கோடி போகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லும் ஒருத்தி நம் வகுப்பறையிலிருந்து வரட்டும். அவள் தன் விடையோடு செய்முறையையும் எழுதிக் காட்டட்டும். கணக்குக் காட்டுவது இவ்வூரின் பழைய வழக்கம் அன்றோ!